வருகிறேன் என்று சொன்ன மகன்



 தபசு நாட்களில் வாரந்தோறும் நான் உங்களுக்கு எழுதியவை யாவும் மனந்திரும்புதலைப் பற்றியவை. அவற்றை வாசித்த சிலர் தொலைபேசியில் அழைத்து, தங்கள் இருதயத்தோடு ஆண்டவர் பேசினார் என்று சாட்சி சொன்னீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அதே நாட்களில் நான் செய்த ஒரு பிழையை மாத்திரம் எழுதாமல் வைத்திருந்தேன். வெட்கமே அதற்குக் காரணம். பண்டிகை முடிந்துவிட்டது, இனியும் அதை மறைத்து வைப்பதில் நியாயமில்லை.

வேங்கிக்காலில் பங்குனி மாதம் எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. இளவேனில் என்று நூல்கள் சொல்லும் பருவம் சித்திரையில்தான் பிறக்கிறது. நம் ஊருக்கோ வெயில் அதற்கு முன்னமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருந்தாலும் புங்கமரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு இளந்தளிர் விடுவதும், வேப்பம்பூ உதிர்ந்து வாசலை வெளுக்கச் செய்வதும் இந்த நாட்களில்தான். புளியமரங்களை உலுக்குவதும் இந்த நாட்களில்தான். ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டி, கூடை கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் நம் சபையில் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தபசு காலத்து வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு அவர்கள் வரும்போது கைகளில் புளியின் கறை இருக்கும். கைகூப்பி ஜெபிக்கும்போது அது தெரியும்.

பள்ளிக்கூடங்களுக்கும் இதுவே நிறைவின் காலம். மார்ச் மாதம் முதல் தேதியிலேயே அரசுப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை தொடங்கிவிட்டது. ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளைத் தேடி ஆசிரியைகள் தெருத்தெருவாக வந்தார்கள். நம் ஆலயத் தெருவிலும் பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு பேரணியாகப் போனதைப் பார்த்தேன். அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தவேண்டுமென்று அரசு நிதி ஒதுக்கி வருவதால், முன்பெல்லாம் தனியார் பள்ளிகளுக்கே உரியது என்று எண்ணப்பட்ட விழா இன்று ஓட்டுக் கட்டடத்துத் தொடக்கப்பள்ளியிலும் நடக்கிறது. சாமியானா போடுகிறார்கள், வாடகைக்கு நாற்காலி எடுக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் செய்கிறார்கள். குடும்பத்தார் யாவரும் வந்து பிள்ளைகளோடு அமர வேண்டும் என்று அழைக்கிறார்கள்.

நம் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, இப்பகுதியிலுள்ள அத்தகைய தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பெயர் வேண்டாம், உங்களில் பலர் ஊகித்துவிடுவீர்கள், ஊகித்தவர்கள் அவளிடம் போய்க் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து அங்கே போய் மற்றவர்களுக்கு மாடிவீடு கட்டுகிறவர்களை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். நம் பெஞ்சுகளில் பாதி அவர்களுடைய குடும்பங்கள். அவள் இங்கே தன் ஆயாவோடு இருக்கிறாள். ஆயா புளி தட்டப் போகிறவர்.

மார்ச் 16-ஆம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளை வந்து என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் ஆண்டு விழா. அவள் மேடையேறிக் கதை வாசிக்கப்போகிறாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பத்திலிருந்து ஒருவர் முன்வரிசையில் அமர வேண்டும். ஆயாவுக்கு அன்றைக்குக் கூலி போய்விடும். "தாத்தா, நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள்.

நான் "வருகிறேன்" என்றேன். "கண்டிப்பா?" என்றாள். "கண்டிப்பா" என்றேன். அடுத்து நின்றவருக்குக் கைகொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று விரிவாக எழுத ஒன்றுமில்லை. அன்று மாலைத் தபசுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து செய்தியாளர் ஒருவர் வந்தார். அவரை அழைத்துவருவது, அவருக்குச் சாப்பாடு, ஒலிபெருக்கி பழுது, நாற்காலி போதவில்லை. கூட்டம் நன்றாக நடந்தது. ஆயாவும் அன்று வந்து பின்பெஞ்சில் அமர்ந்திருந்தார். அப்போதும் எனக்கு நினைவு வரவில்லை. கூட்டம் முடிந்து அவருக்குக் கைகொடுத்தபோதும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்து, நடு இரவில் மின்விசிறி நின்று விழித்தபோதுதான் நெஞ்சில் இடித்தது.

மறு ஞாயிறு அந்தப் பிள்ளை ஆராதனைக்கு வந்தாள். மனப்பாட வசனம் சொல்ல அழைத்தபோது எழுந்து நன்றாகச் சொன்னாள். என் முகத்தை மாத்திரம் பார்க்கவில்லை. நான் ஆயாவிடம் போய், "அம்மா, மன்னியுங்கள், மறந்துபோனேன்" என்றேன். பழைய மிஷன் வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். என்னை இன்றைக்கும் "ஐயரே" என்றுதான் அழைப்பார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட, அதுக்கென்னாங்க ஐயரே. எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

பிரியமானவர்களே, மத்தேயு எழுதின சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன இரண்டு குமாரரின் உவமையை நீங்கள் அறிவீர்கள். திராட்சத் தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னபோது, ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிற்பாடு மனஸ்தாபப்பட்டுப் போனான்; மற்றவனோ மரியாதையாகப் போகிறேன் என்று சொல்லிப் போகாமலே இருந்துவிட்டான். என் ஊழியக் காலத்தில் இந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் மகனைப் பரிசேயர் என்று விளக்கினேன். ஆயக்காரருக்கு முன்பாகப் பெருமையோடு நின்ற அந்தக் கூட்டம் என்று விளக்கினேன். அவன் ஒரு பொய்யன் என்றே எண்ணியிருந்தேன். இப்போது தோன்றுகிறது, அவன் சொன்ன கணத்தில் உண்மையாகவே போகத்தான் எண்ணியிருப்பான். வழியில் வேறு வேலை வந்திருக்கும். ஒருவேளை அதுவும் தகப்பனுடைய வேலையாகவே இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே அந்தப் பள்ளிக்குப் போனேன். அந்த நேரத்தில் போனதற்குக் காரணம் பக்தி அல்ல. பத்து மணிக்கு எனக்கு வேறு அலுவல் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் போனதால் ஒன்றைக் கண்டேன். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சேமியா உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் யாவற்றுக்கும் வந்தது என்பதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். மதிய உணவை நான் பிள்ளையாக இருந்தபோதே உண்டவன். எனினும் காலை உணவு என்றால் என்ன என்பது, விடியுமுன் புளிக் களத்துக்குப் புறப்படுகிற ஓர் ஆயாவின் பேத்தி இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்குவதைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. சமைத்த சுய உதவிக் குழுப் பெண்களில் ஒருவர் நம் சபையைச் சேர்ந்தவர். என்னைக் கண்டதும் அவர் திகைத்து, "ஐயா, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். போதகர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஏதோ துக்கச் செய்தி என்றே அவர் எண்ணியிருக்கிறார். அவ்வளவுதான் நம் போக்குவரத்து!

தலைமையாசிரியை அம்மையார் என்னை உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பிள்ளை மேடையில் என்ன வாசித்தாள் என்று கேட்டேன். அவர் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கினார்.

இந்தப் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு 2021. கொள்ளைநோய்க் காலம். ஜூன் மாதத்தில் திறக்க வேண்டிய பள்ளி, முதல் எட்டு வகுப்புகளுக்கு நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. ஜனவரியில் மறுபடியும் மூடி, பிப்ரவரியில் திறந்தது. அகரம் எழுதப் பழக வேண்டிய மாதங்களில் இந்தப் பிள்ளை பெங்களூரில் ஒரு கட்டடத்தின் தகரக் கொட்டகையில் இருந்தாள். இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து மாத்திரம் தெரிந்திருந்தது. அந்த ஆண்டுதான் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளை வயதைக் கொண்டு நிறுத்தாமல், அவர்கள் அறிந்ததைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். எவர் இட்ட பெயரோ, நல்ல மனது படைத்தவர். பின்தங்கிய பிள்ளை என்று சொல்வதற்கும் அரும்பு என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்! நம் ஓய்வுநாள் பள்ளியில் "சின்னவர்கள், பெரியவர்கள், மக்குகள்" என்று ஒரு காலத்தில் விளையாட்டாகப் பிரித்ததை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பிள்ளை அரும்பிலேயே நெடுநாள் இருந்தாளாம். நான்காம் வகுப்பில் வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்கள் கைக்கு வந்தன. சிறு சிறு கதைப் புத்தகங்கள். அவற்றுக்கும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஜூன் மாதத்தில் நுழை என்ற படியில் இருந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிக்கூட முடிக்க முடியாதவள், பிப்ரவரியில் நட என்ற படியின் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தடுக்காமல் வாசித்தாள். அதனால்தான் அவளை மேடையேற்றினார்கள். நடனத்துக்கு ஆள் நிறைய உண்டு. வாசிக்க ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"வாசிச்சாளா அம்மா?" என்றேன்.

"பாதி வாசிச்சா ஐயா. அப்புறம் நிறுத்திட்டா" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்த ஒரு மாதமாக என்னை விட்டு நீங்காதது. விழாவில் குடும்பத்தார் வராத பிள்ளைகள் சிலர் எப்போதும் இருப்பார்களாம். அவர்கள் மேடையேறும்போது ஆசிரியைகளில் ஒருவர் போய் முன்வரிசையின் காலி நாற்காலியில் அமர்ந்து, கைதட்டி, தலையசைத்து, அந்தப் பிள்ளைக்குரியவராக இருப்பார். அன்றும் அப்படியே உட்காரப் போனார். இந்தப் பிள்ளை மேடையின் படியில் நின்றுகொண்டு, "டீச்சர், அதுல உக்காராதீங்க. எங்க தாத்தா வருவாரு" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஓர் ஆசிரியையாவது கிடைத்திருப்பார். என் "கண்டிப்பா" என்ற சொல் அவரையும் எழுப்பி அனுப்பிவிட்டது.

இதற்கு மேலும் ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் படித்தவர்கள். அவர்களுடைய ஆண்டு விழா எதையும் நான் தவறவிட்டதில்லை. அங்கே வாசலில் நேரம் தவறாமை குறித்து அச்சிட்ட அழைப்பிதழ் வரும். ஒருமுறை ஆரம்ப ஜெபம் செய்யவும் அழைத்தார்கள். கஞ்சிபோட்ட சட்டை அணிந்து அரைமணி முன்னதாகப் போனேன். அரசுத் தொடக்கப்பள்ளி விழாவை நான் மறந்தது முதுமையினால் அல்ல. அது மறக்கத்தக்கது என்று என் உள்ளத்தில் எங்கோ எழுதி வைத்திருந்தேன். நம் சபையாரில் சிலர், "கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிக்கிறான் ஐயா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாழ்ந்த குரலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு. சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின நாள் முதல் நம் மிஷன்களின் வரலாற்றில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. நம் திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் பள்ளியும் அப்படிப் பிறந்ததுதான். அக்காலத்து உபதேசியார்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவது ஊழியத்தின் பாதி. எனக்கோ அது பத்து மணி அலுவலுக்கு முந்தின ஒரு வேலை.

பேச்சின் நடுவே தலைமையாசிரியை ஒரு பதிவேட்டைக் காட்டினார். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டப் பதிவு. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் இப்படி ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிவறைக்குக் கதவு வேண்டும், குடிநீர்த் தொட்டி கசிகிறது, மதில் இடிந்திருக்கிறது என்று தீர்மானம் எழுதும் உரிமை அவர்களுக்குச் சட்டம் கொடுத்தது. இந்தப் பதிவேட்டில் கையொப்பங்கள் இருந்தன. ஆனால் பல, கூட்டம் முடிந்தபின் வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கியவை என்று அம்மையார் மறைக்காமல் சொன்னார். வேலையை விட்டுவிட்டு அவர்கள் எப்படி வருவார்கள்? அந்தப் பெயர்களை நான் வாசித்தேன். நம் சபைப் பதிவேட்டிலும் அதே பெயர்கள் உண்டு.

நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. 2024 டிசம்பர் முதல் தேதியை நாம் எவரும் மறக்க முடியாது. புயல்மழை விடாமல் பெய்து, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து 7 பேரைப் புதைத்தன. அவர்களில் 5 பேர் பிள்ளைகள். அந்த வாரம் உங்களில் ஒவ்வொருவரும் பிள்ளைகளைக் கைக்குள் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்ததைக் கண்டேன். திரும்பி அந்த மலையைப் பார்க்கவே சிறுபிள்ளைகள் சிலர் பயந்தார்கள். பிள்ளைகள்மேல் பாசமில்லாத ஊர் அல்ல இது. ஆனால் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிய இயேசுவைத் தவறவிட்ட பெற்றோரும் பாசமில்லாதவர்கள் அல்லர். பண்டிகை முடிந்து திரும்புகிற பிரயாணக் கூட்டத்தில் யாரோடாவது இருப்பார் என்று எண்ணி ஒரு நாள் பயணம் முழுவதும் நடந்துவிட்டார்கள். உறவினர் நினைத்திருப்பார்கள், தாயோடு இருப்பார் என்று. தாய் நினைத்திருப்பாள், உறவினரோடு இருப்பார் என்று. நம் தெருவிலும் அப்படித்தான். பெற்றோர் ஆயா இருக்கிறாள் என்று எண்ணுகிறார்கள்; ஆயா டீச்சர் இருக்கிறார் என்று எண்ணுகிறாள்; சபை, பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகிறது. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் அன்றைக்கே பேசினேன். வேப்பமரத்தடியில் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றாள். விரல்களில் புளிக்கறை, விடுமுறை நாட்களில் அவளும் ஆயாவோடு கொட்டை தட்டப் போகிறாள் போலும். "தாத்தா வராமல் இருந்தது தப்பு. என்னை மன்னிப்பாயா?" என்றேன். "ம்" என்றாள். "இப்போது எனக்கு வாசித்துக் காட்டுகிறாயா?" என்றேன். "வேணாம்" என்றாள். தட்டை உதறிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பிள்ளைகளுடைய மன்னிப்பு எளிது என்று பிரசங்கங்களில் சொல்லுகிறோம். எப்போதும் அப்படியல்ல, அப்படி இருக்கவேண்டுமென்று எதிர்பார்க்க நமக்கு உரிமையும் இல்லை.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியாகப் போகிறபோது உள்ளே போய் வந்தேன். மூன்றாம் முறைதான் அவளாகவே அருகில் வந்தாள். அப்போதும் வாசிக்கவில்லை. "அப்பாவுக்குத்தான் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

அவளுடைய தகப்பனார் எண்ணை ஆயாவிடம் வாங்கி அழைத்தேன். ஆண்டு விழா அழைப்பைப் பள்ளியார் அனுப்பத் தவறவில்லை. பதிவேட்டிலுள்ள கைபேசி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அந்த எண் தகப்பனுடையது. பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் சென்ட்ரிங் வேலை செய்கிறவருடைய சட்டைப்பையில் இருந்தது. "மெசேஜ் வந்துச்சுங்கய்யா. நெட்டு தீந்துபோயி ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்திருந்தாலும் வந்திருப்பனான்னு தெரியலைங்கய்யா. நான் அஞ்சாவதோட நின்னவன். உள்ள போனா ஏதாச்சும் கேப்பாங்களோன்னு இருக்கும். என்னை இதுவரைக்கும் யாரும் ஸ்கூலுக்குன்னு பேர்சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றார்.

அவள் வாசிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டுவாள் என்றுதான் எண்ணியிருந்தார்.

2025-ஆம் ஆண்டு வெயிலை முன்னிட்டுத் தொடக்கப்பள்ளிகளின் ஆண்டுத் தேர்வை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசித் தேர்வு. அன்று பெரிய வியாழன். தலைமையாசிரியை அந்தக் கதைப் புத்தகத்தை விடுமுறைக்கு இரவல் கொடுத்தார். திருப்பிக் கொடுப்பதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்திட்டேன். தகப்பனார் வேலை முடிந்து இறங்கிக் கைகால் கழுவ ஆறு மணியாகும் என்றார். ஆகையால் ஆறு மணிக்குப் பிள்ளையும் ஆயாவும் ஆலயத்துக்கு வந்துவிட்டார்கள். ஆலயத்தின் பின்னறையில், இராப்போஜனப் பாத்திரங்கள் துடைத்து வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து என் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். வாங்கிப் பிடிக்கச் சொன்னதற்கு, இரண்டு கையும் புத்தகத்துக்கு வேண்டும் என்றாள்.

அந்தப் பக்கத்தில் தகப்பனோடு கூட வேலை செய்கிறவர்களும் இருந்தார்கள் போலும். முதலில் சலசலப்புக் கேட்டது, பிறகு அடங்கிவிட்டது. அவள் முதல் பக்கத்தை வேகமாக வாசித்தாள். மேடையில் நிறுத்திய இடம் வந்தபோது ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனாள். முடித்தபின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறவில்லை. "இன்னொரு தபா படி பாப்பா" என்றார் தகப்பனார். "எல்லாத்தையுமா?" என்றாள். "எல்லாத்தையும்" என்றார்.

ஆலய மணி அடிக்கிற அண்ணன் வாசலில் வந்து நின்று தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் கையசைத்து அவரை நிறுத்தினேன். மறுபடியும் வந்தார், மறுபடியும் நிறுத்தினேன். உள்ளே நீங்கள் யாவரும் அமர்ந்து காத்திருந்தது எனக்குத் தெரியும். அவள் கடைசிப் பக்கத்தை முடித்து, புத்தகத்தை மூடி, "அவ்ளோதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆயாவோடு எழுந்து போய்ப் பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பெரிய வியாழன் ஆராதனை ஏன் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கிற்று என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். ஒரு தொலைபேசி அழைப்பு என்று மாத்திரம் அன்று சொன்னேன்.